எல்லோருக்கும் ஒரே கப்பா?



இப்போதெல்லாம் சில பள்ளிகளில் ஸ்போர்ட்ஸ் டே என்றால், ஜெயித்த பிள்ளை, தோற்ற பிள்ளை என்று பார்க்காமல் எல்லார் கையிலும் ஒரே மாதிரி கப் கொடுத்து விடுகிறார்கள். பிஞ்சு மனசு வாடக் கூடாதாம்! நல்ல எண்ணம்தான். ஆனால், குழந்தைகள் நாம் நினைப்பது போல் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை.

எங்கள் தெருவில் 3-ம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தியிடம் கப்பைக் காட்டச் சொன்னேன். "எல்லாருக்கும்தான் ஆன்ட்டி குடுத்தாங்க" என்று அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். முதலாவதாக வந்த பெண்ணோ, "எனக்கும் அதே கப்தானா?" என்று அழுதாளாம். ஆக, இரண்டு பேருக்குமே சந்தோஷமில்லை.

அதற்காக, கலந்து கொண்டவர்களுக்கு எதுவுமே தரக் கூடாது என்று சொல்ல வரவில்லை. 1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே கலந்து கொண்டவர்களுக்கு நினைவுப் பதக்கம் இருந்தது. இன்றும் தருகிறார்கள். ஆனால் அது வேறு, வெற்றிப் பதக்கம் வேறு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் பி.டி. உஷா, ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்து நான்காவதாக வந்தார். 'ஐயோ பாவம்' என்று யாரும் பதக்கம் தரவில்லை. அவரும் ஓடுவதை விடவில்லை. 1986-ல் சியோல் ஆசிய விளையாட்டில் 4 தங்கம் வென்றார்!

இன்னொரு பக்கம், இரண்டாவதாக வந்த பிள்ளையை, "அடுத்த வீட்டுப் பையன் ஃபர்ஸ்ட் வந்துட்டான், நீ ஏன் வரலே?" என்று வறுத்தெடுக்கும் தாய்மாரும் நம்மில் உண்டு. அதுவும் தப்பு. எங்கள் பக்கம் ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகும் அம்மாக்கள் நிறைய. போட்டியைப் பார்க்க லீவு கிடைக்காது. பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் 'கப் எங்கே?' என்று கேட்காமல், 'எப்படிடா ஓடினே?' என்று கேட்டாலே பிள்ளை முகம் மலரும்.

என் யோசனை இதுதான். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு, 'கலந்து கொண்டதற்காக' என்று எழுதி ஒரு சிறிய மெடல் கொடுக்கட்டும். ஜெயித்தவர்களுக்குத் தனியாகக் கப் தரட்டும். கூடவே, ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை வினாடியில் ஓடியது என்று சர்டிபிகேட்டில் குறித்துக் கொடுக்கட்டும். அடுத்த வருடம் ஒரு வினாடி குறைந்தால், கடைசியாக வந்த குழந்தைக்கும் அது நிஜமான வெற்றி. இதற்கு வேண்டியது ஒரு ஸ்டாப் வாட்ச் மட்டுமே.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நீங்களும் கேட்டுப் பாருங்களேன்!

– ஒரு வாசகி, மணிமங்கலம்.