குட்டிப் பாப்பான்னா ஈஸி டெலிவரியா?

போன வாரம் கணியம்பாடியில எங்க வீட்டுல பெரிய பஞ்சாயத்து. எட்டு மாசக் கர்ப்பத்தோட வந்திருக்காங்க எங்க அக்கா. மூணாவது தோசைக்குத் தட்டை நீட்டினதும் ஆயா தடுத்துருச்சு. ''போதும்டி! நெறைய தின்னா புள்ளை பெருத்துடும். அப்புறம் கத்தி வெச்சுத்தான் எடுப்பாங்க!'' அக்கா பேசாம எழுந்துட்டாங்க.

மறுநாள் செக்கப்புக்குத் துணைக்குப் போனேன். நர்ஸம்மா கார்டைக் காட்டினாங்க. போன மாச எடையேதான் இந்த மாசமும்! அவங்க முகம் மாறினதும் எனக்கு பக்குனு ஆயிடுச்சு.

விஷயம் இதுதான். 28-வது வாரத்துல பாப்பா சுமார் 1 கிலோதான். மீதி எடையெல்லாம் கடைசி மூணு மாசத்துல ஏறணும். நாம சோத்தைக் குறைக்கிறதும் கரெக்டா அப்பதான்! 1944-45 குளிர்காலத்துல நெதர்லாந்துல கடும் பஞ்சம். கடைசி மாசங்கள்ல பட்டினி கிடந்த அம்மாக்களோட குழந்தைங்க சராசரியா 300 கிராம் வரை குறைவாப் பிறந்தாங்க.

2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தா 'எடை குறைவு'ன்னு கணக்கு. அந்தக் குழந்தைக்கு உடம்பு சீக்கிரம் சில்லுனு ஆயிடும், நோய் சுலபமாத் தொத்தும். சில குழந்தைங்க பால் குடிக்கவே திணறும். பெரியவனானதும் சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பும் கூடுதல்.

என்ன சாப்பிடணும்? 1990-கள்ல புனே பக்கத்துல ஆறு கிராமங்கள்ல ஆராய்ச்சி பண்ணாங்க. கீரை, பழம், பால் அடிக்கடி சேர்த்துக்கிட்ட அம்மாக்களோட குழந்தைங்க அளவுல பெருசா இருந்தாங்க. நம்ம ஊர்ல முருங்கைக்கீரையும் கேழ்வரகும் வேர்க்கடலையும் இல்லாத வீடு உண்டா? அங்கன்வாடியில சத்துமாவு வேற தர்றாங்க.

ஆயா சொன்னதுல கொஞ்சம் நியாயமும் இருக்கு. கர்ப்பத்துல சர்க்கரை ஏறினா பாப்பா ஓவரா பெருக்கலாம், பிரசவமும் சிக்கலாகலாம். அதுக்குத்தான் குளுக்கோஸ் டெஸ்ட். அக்காவுக்கு அது நார்மல். அப்புறம் எதுக்குப் பட்டினி?

கேர்ள்ஸ், ஒரு நிமிஷம்! கர்ப்பத்துக்கு முன்னாடி அம்மா என்ன எடைங்கறதும் பாப்பாவோட சைஸை பாதிக்கும். ஹாஸ்டல்ல டிபனைக் கட் அடிச்சு, 'ஸ்லிம்'மா இருக்கேன்னு பெருமைப்படுற பார்ட்டிகளே, உங்க உயரத்துக்கு ஏத்த எடை இருக்கான்னு ஒரு தடவை செக் பண்ணிக்குங்க. அதுக்காக, குழந்தை சின்னதாப் பிறந்தா அம்மாதான் காரணம்னு முத்திரை குத்திடாதீங்க. குறைப்பிரசவம், ரத்தசோகை, இரட்டைக் குழந்தைன்னு காரணம் நிறைய இருக்கு. தட்டுல யார் கடைசியா சாப்பிடுறாங்கங்கறதும் ஒரு காரணம்தான்.

கார்டை ஆயாகிட்ட நீட்டி எல்லாத்தையும் படிச்சுச் சொன்னேன். ஒண்ணும் பேசலை. ராத்திரி சமையல் கட்டுல முருங்கைக்கீரை அடை வாசனை. முதல் அடை அக்கா தட்டுக்குப் போச்சு!

அடுத்த புதன்கிழமை மறுபடி எடை பார்க்கணும். இப்பவே டென்ஷனா இருக்கு. வரட்டா?