களிமண் எல்லா மருந்தையும் பிடிக்காது

"களைக்கொல்லி கலந்த தண்ணியில களிமண்ணைப் போட்டா சுத்தமாயிடுமாமே? உங்க ஊரு ஏரியிலதான் களிமண் எக்கச்சக்கமா இருக்கே!" சென்னை நண்பர் ஒருத்தர் சந்தோஷமாகச் சொன்னார். நல்ல மனுஷன்தான். ஆனா பாதி உண்மையை வச்சுக்கிட்டு முழு நிம்மதி அடையறாங்களே, அதைத்தான் என்னால பொறுக்க முடியலை.

பாதி உண்மை பாராகுவாட் விஷயத்தில் இருக்கு. களிமண்ணுக்கு எதிர்மின்னேற்றம், பாராகுவாட்டுக்கு நேர்மின்னேற்றம். பட்டதும் ஒட்டிக்கும். அதைக் குடிச்சவங்களுக்கு முறிவு மருந்தே கிடையாது. வயித்துல இருக்கிற விஷத்தைப் பிடிக்க ஆஸ்பத்திரியில கரைச்சுக் கொடுத்தது, நீங்க முகத்துல பூசுற முல்தானி மட்டி வகை மண்ணைத்தான்.

ஆனா அகல இலைக் களைக்கு நாங்க நெல்லுல அடிக்கிற 2,4-டி தண்ணியில கரைஞ்சா எதிர்மின்னேற்றம். மண்ணும் எதிர், மருந்தும் எதிர், எப்படி ஒட்டும்? காஞ்சிபுரத்துச் சாயக்காரங்களைக் கேளுங்க. பட்டுல பிடிக்கிற அமிலச் சாயம் பருத்தி நூல்ல நிக்காது, அலசினா போயிடும். இதுவும் அப்படித்தான். போர் போடும்போது ஊத்துற பென்டோனைட் மண்ணுல வேற ரசாயனம் ஏத்தி அதன் குணத்தையே மாத்தினா 2,4-டி பிடிக்கும். ஆய்வகத்துல சரி. ஒரு ஏரிக்கு யார் செய்வது?

பிடிச்சாலும் விஷம் அழியறதில்லை. மண்ணோட ஒட்டின பாராகுவாட் வருஷக்கணக்கா அங்கேயே கிடக்கும். அந்த மண்ணை எங்கே கொட்டுவீங்க? நாங்க கோடையில ஏரி வண்டலை அள்ளி வயலுக்குத்தான் அடிக்கிறோம்.

தண்ணி தெளிஞ்சா போதும்னு நினைக்காதீங்க. தேத்தாங்கொட்டை உரசினா கலங்கல் அடியில படியும். கரைஞ்ச 2,4-டி கரைஞ்சபடியே நிக்கும். ஆர்.ஓ. விக்க வர்றவர் காட்டுற டி.டி.எஸ். மீட்டரும் இதைக் காட்டாது. குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, 2,4-டி-க்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்று வரம்பே வச்சிருக்கு. உங்களுக்குத் தண்ணி கொடுக்கிற செம்பரம்பாக்கம் எங்க மாவட்டத்து ஏரிதான். அதுல மருந்து இருக்குன்னு நான் சொல்லலை. சோதனை முடிவுல அந்த ஒரு வரியை என்னைக்காவது கேட்டுப் பாத்தீங்களா?

உடனே உழவனைத் திட்டக் கிளம்பாதீங்க. களையெடுக்க ஆள் எங்கே? விடிஞ்சா ஒரகடம் கம்பெனி வண்டி ஏறிடுறாங்க. நானும் மருந்து அடிச்சவன்தான். ஆனா வாய்க்கால் கரைப் புல்லுக்கு அரிவாள் போதும், அங்கேயும் மருந்து அடிக்கிறது சோம்பேறித்தனம். தெளிப்பானை வாய்க்கால்லயே கழுவறது அதைவிட மோசம். இந்த ரெண்டையும் பஞ்சாயத்து நாளைக்கே தடுக்கலாம். வரிசை நடவு போட்டா கோனோவீடர் உருட்டலாம்; உருட்டறவருக்குக் கூலி கொடுக்கணும். அந்தக் கூலிக்காக அரிசி கிலோவுக்குப் பத்து ரூபா கூடச் சொன்னா பேரம் பேசாதீங்க. களிமண் கதையை அப்புறம் பேசிக்கலாம்.