பட்டாளத்தாருக்குக் கொடுத்த நிலம்

கிரேட் நிக்கோபார் தீவின் காம்ப்பெல் வளைகுடாப் பகுதியில் 1969 முதல் ஏறத்தாழ 330 முன்னாள் படைவீரர் குடும்பங்களை அரசு குடியேற்றியது. பஞ்சாப், மகாராஷ்டிரம், தமிழ்நாடு எனப் பல மாநிலத்தார். நாட்டுக்கு உழைத்ததற்குக் கைம்மாறாக நிலம். எல்லைத் தீவில் நம் ஆட்கள் இருக்க வேண்டும் என்ற கணக்கும் கூடவே இருந்தது. காட்டைத் திருத்தித் தென்னையும் பாக்கும் வைத்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கரையோரத் தோப்புகளைக் கடல் வாரிக்கொண்டு போனது. தெற்கே இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது.

இப்போது துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று 166 சதுர கிலோமீட்டர் திட்டம் வருகிறது. விமான நிலையத்துக்குக் காந்தி நகர், சாஸ்திரி நகர் நிலங்கள் கேட்கப்படுகின்றன. தந்த கையே திரும்பக் கேட்கும்போது, நியாயமான விலையும் மாற்று நிலமும் வேண்டும் என்கிறார்கள் குடியேறிகள். அது சலுகை அல்ல, பாக்கி.

ஆனால் மாற்று நிலத்தை எங்கிருந்து எடுப்பது? பழங்குடிகளின் காட்டிலிருந்தா? அப்படி நடந்ததற்கு முன்கதை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1780களில் பாகல்பூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்தது. காடு விளைநிலமாகும், மலைவாழ் பஹாரியாக்களுக்கு எதிரே ஒரு காவலும் கிடைக்கும் என்பது அதன் எண்ணம். சிப்பாய்க்குச் சேர வேண்டிய கூலியில் ஒரு பங்கைப் பஹாரியாக்கள் தங்கள் மண்ணால் கட்டினார்கள். கிரேட் நிக்கோபாரின் பழங்குடிகளான ஷோம்பென், நிக்கோபாரி மக்கள் அதே கடனை இன்னொரு முறை கட்டக் கூடாது.

துறைமுகத்தின் ஆதாயம் நாடு முழுவதற்கும் என்றால் செலவும் நாடு முழுவதற்கும்தான். பழங்குடிக் காப்பு நிலத்தில் ஒரு சென்ட் கூடத் தொடாமல், திட்டப் பணத்திலிருந்தே இழப்பீடு தர வேண்டும். அரை நூற்றாண்டு உழைப்பும், காய்க்கும் ஒவ்வொரு மரமும் விலையில் ஏற வேண்டும். பட்டாவில் பெயர் மாறாத விதவைகளையும் வாரிசுகளையும் விட்டுவிடக் கூடாது. நிர்வாகம், குடியேறிகள், பழங்குடி மன்றம் மூவரும் ஒரே மேசையில் அமரட்டும். அளவைக் கல் நடுவதற்கு முன்பே அமரட்டும். முன்னாள் படைவீரர் சங்கங்கள் தங்கள் ஆட்களுக்காகப் பேசும்போது ஷோம்பென்களின் காட்டுக்காகவும் சேர்த்துப் பேச வேண்டும். தமிழ்நாட்டுச் சங்கங்கள் அதைத் தொடங்கி வைக்கலாம். அங்கே போனவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு.