அரிட்டாபட்டி மலை எவர் உடைமை?

நம் திருப்பத்தூரை அடுத்த மேலூர் வட்டத்தில் நிற்கிறது அரிட்டாபட்டி. ஈராயிரம் ஆண்டுத் தொன்மையுடைய தமிழிக் கல்வெட்டு, முற்பாண்டியர் குடைவரை, வல்லூறு கூடுகட்டும் பாறை. ஏழு குன்றுகளின் நீர் நிறைக்கும் 72 ஏரிகள், 200 சுனைகள்! 2022 நவம்பரில் தமிழக அரசு அதனைப் பல்லுயிர் மரபுக் களமாக அறிவித்தது. ஈராண்டும் நிறையவில்லை, 2024 நவம்பர் 7-இல் அம்மலையையும் உள்ளடக்கிய 2015 எக்டேரை, டங்சுடன் அகழ, வேதாந்தா குழும நிறுவனத்துக்கு ஏலத்தில் ஈந்தது நடுவணரசு!

மலை இங்கே, ஏலங்கூறும் வாய் தில்லியில்! 2023-இல் திருத்திய கனிமச் சட்டம், 24 கனிமங்களை ஏலமிடும் உரிமையை மாநிலங்களிடமிருந்து பறித்ததன் விளைவன்றோ இது?

உழவர் பொங்கினர். ஊர்தோறும் மன்று கூடித் தீர்மானம் இயற்றினர். 2025 சனவரி 7-இல் மதுரை நோக்கி ஆயிரக்கணக்கில் நடந்தனர். சனவரி 23-இல் ஏலத்தைக் கைவிட்டது தில்லி.

எவரோ தூண்டிவிட்டனராம்! கொள்ளுகுடிப்பட்டியாரை எவர் தூண்டினர்? வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகள் அஞ்சுமென்று, ஆணையிடுவார் எவருமின்றியே, பல்லாண்டாகத் தீபாவளி வெடியைத் துறந்தவர் அவர். (பட்டாசின்றி மகிழத் தெரியாத நகரத்தார்க்கு இது விளங்காது.) டங்சுடன் நாட்டுக்குத் தேவையாம். தகர்ந்த கல்வெட்டை எந்த ஆலையில் மீண்டும் வார்ப்பது?

தமிழ்மக்களே! ஏலம் போயிற்று, சட்டம் போகவில்லை. பாரியின் பறம்பாகிய பிரான்மலை நம் கண்ணெதிரே நிற்கிறது. நாளை அதன் மடியிலும் கனிமம் உண்டென்றால் என் செய்வோம்? ஏலவுரிமையை மாநிலத்துக்கே மீட்டளிக்குமாறு திருப்பத்தூர், சிங்கம்புணரி வட்டாரத்து ஊராட்சிகள் இன்றே தீர்மானம் இயற்றி விடுக்கட்டும்!