ஒரு மரத்துக்குப் பத்து கன்னு: யாரு போட்ட கணக்குங்க இது?

நீளமான த்ரெட்ங்க. கோவைக்காரங்க கடைசி வரைக்கும் படிங்க. திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிக்காரங்களும் படிக்கலாம், உங்க ஊரிலும் கதை இதேதான்.

ரோட்டை அகலமாக்க மரம் வெட்டும்போதெல்லாம் ஒரு சமாதானம் சொல்லுவாங்க. "வெட்டப்படும் ஒவ்வொரு மரத்துக்கும் பத்து மரக்கன்றுகள் நடப்படும்." மேட்டுப்பாளையம் ரோடு, திருச்சி ரோடு, அவினாசி ரோடுன்னு ஒவ்வொரு ரோடா நாம இதைக் கேட்டுட்டோம். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஒன்னு போனா பத்து வருதே!

ஒரு சின்ன கணக்கு போடுவோம். நல்லா வளர்ந்த ஒரு தூங்குமூஞ்சி மரம். ரேஸ் கோர்ஸ் பக்கம் நடக்கிறவங்களுக்குத் தெரியும், ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு அந்தப் பக்கம் வரை குடை விரிச்சிருக்கும். அந்தக் குடையின் குறுக்களவு 20 மீட்டர்னு வைங்க. நிழலின் பரப்பு சுமார் 314 சதுர மீட்டர். இப்போ நட்ட ஒரு கன்னு. குடை 1 மீட்டர்னு தாராளமாவே வச்சுக்கலாம். நிழல் 0.785 சதுர மீட்டர். பத்து கன்னும் உயிரோட இருந்தாக்கூட 8 சதுர மீட்டரைத் தொடாது. ஒரு மரத்தின் நிழலை இன்னைக்கே ஈடுகட்டணும்னா 400 கன்னு வேணும்.

அந்தப் பத்து கன்னும் எங்கே நடப்படுது? பெரும்பாலும் வெட்டின ரோட்டில் கிடையாது. ஊருக்கு வெளியே எங்கேயோ ஒரு குளக்கரை, ஒரு புறம்போக்கு. வெட்டின இடத்தில் பஸ்ஸுக்கு நிக்கிற அம்மாவுக்கு அதில் ஒரு இலை நிழல்கூட வராது. காந்திபுரத்தில் பழைய ஜெயில் வளாகத்தில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா வந்திருக்கு, சந்தோஷம். ஆனா சிங்காநல்லூர் பஸ் ஸ்டாப்பில் மத்தியானம் ஒரு மணிக்கு நிக்கிறவங்க நிழலுக்காகக் காந்திபுரம் போக முடியாதுங்களே.

டாக்டருக்கு எதுக்குப்பா மரத்தைப் பத்தி பேச்சுன்னு கேப்பீங்க. சொல்றேன்.

நம்ம உடம்பு சுமார் 37 டிகிரியில் ஓடுற மெஷின். வெளியில் சூடு ஏறினா தோலுக்கு ரத்தத்தைத் திருப்பி விடும், வியர்க்கும், வியர்வை ஆவியாகும்போது உடம்பு குளிரும். இதுக்கு இதயம் கூடுதலா உழைக்கணும், உடம்பில் தண்ணியும் உப்பும் இருக்கணும். வயசானவங்க, பச்சைக் குழந்தைங்க, கர்ப்பிணிகள், சுகர், இதயநோய், கிட்னி பிரச்சினை உள்ளவங்க, பிரஷருக்குத் தண்ணி மாத்திரை சாப்பிடறவங்க, இவங்களுக்கு இந்த ஏற்பாடு சீக்கிரம் தடுமாறும். உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, நினைவு தப்பினா அதுதான் ஹீட் ஸ்ட்ரோக். உயிர் போகும்.

ஆனா ஹீட் ஸ்ட்ரோக்ங்கிறது மேலே தெரியற நுனி மட்டும்தான். கோடையில் ஓபியில் வேற மாதிரி வருவாங்க. "ரெண்டு நாளா ஒரே தலைவலிங்க", "ஒண்ணுக்கு மஞ்சளா எரிச்சலோட போகுதுங்க", "படியேறினா கண்ணு இருட்டுதுங்க". என்ன வேலைன்னு கேட்டா தூய்மைப் பணி, இளநீர் வண்டி, இஸ்திரி வண்டி, செக்யூரிட்டி, பூ வியாபாரம், சித்தாள் வேலை. "வெயிலில் நிக்காதீங்க"ன்னு சொல்றது எனக்குச் சுலபம். அவங்க எங்கே போய் நிப்பாங்க? தினமும் ஒரு மரத்தடியில் வண்டி போட்டவங்க, மரம் போனதும் ஒரு பிளெக்ஸைக் கட்டி அதுக்குக் கீழே நிக்கறாங்க. பிளெக்ஸ் வெயிலை மறைக்கும். மரம் வெயிலையும் மறைக்கும், இலை வழியா தண்ணியை ஆவியாக்கிச் சுத்தியிருக்கிற காத்தையும் குளிர வைக்கும். நாம வியர்க்கிற அதே வித்தைதான்.

"கோயமுத்தூருக்கு என்னங்க, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இருக்கு, சிறுவாணித் தண்ணி இருக்கு"ன்னு பெருமை பேசிட்டே இருக்கோம். ஆனி, ஆடியில் அந்தக் காத்து வரும், சரி. பங்குனி, சித்திரையில்? தார் ரோடு கோடை வெயிலில் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும், ராத்திரி அந்தச் சூட்டை மெதுவா வெளியே விடும். ராத்திரியும் உடம்பு ஆறலைன்னா அடுத்த நாள் நேத்தைய களைப்போடவே ஆரம்பிக்குது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல முடிவு, பாராட்டணும். ஆனா ஒரு கையில் சாவுக்கு நிவாரணம் குடுத்துட்டு இன்னொரு கையில் நிழலை வெட்டினா என்னங்க அர்த்தம்?

ஆதாரம் கேப்பீங்க. 2023இல் லான்செட் இதழில் 93 ஐரோப்பிய நகரங்களை வச்சு ஒரு ஆய்வு வந்தது. நகரச் சூட்டால் 2015 கோடையில் நடந்த சாவுகளில் சுமார் மூணில் ஒரு பங்கை, மர நிழலை 30 சதவீதமாக்கினா தவிர்த்திருக்கலாம்னு கணக்கிட்டாங்க. அது ஐரோப்பா, நம்ம ஊர் நம்பர் வேறயா இருக்கும். உடம்பு ஒன்னுதான்.

இப்போ என் முக்கியமான புகாருக்கு வரேன். நம்ம ஊரில் மரத்தை அலங்காரமா பாக்கறாங்க. மின்கம்பம், தண்ணிக் குழாய், டிரான்ஸ்பார்மர் மாதிரி ஒரு கட்டமைப்பா பாக்கறதில்லை. உங்க தெருவில் மின்கம்பத்துக்கு நம்பர் இருக்கு. லைட் எரியலைன்னா நம்பரைச் சொல்லிப் புகார் குடுக்கலாம். பக்கத்தில் நிக்கிற 40 வருஷத்து வேப்பமரத்துக்கு நம்பர் உண்டா? வயசு என்ன, உள்ளே பொந்து இருக்கா, கடைசியா யார் பார்த்தாங்க? கேஸ் ஷீட்டே இல்லாத நோயாளி அது. ஒரு நாள் பொக்லைன் வந்து ஆபரேஷன் பண்ணிட்டுப் போயிடும்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் மாநகராட்சி தன்னோட மரம் ஒவ்வொன்னுக்கும் எண் குடுத்து, புகார் அனுப்ப மெயில் முகவரியும் குடுத்தது. ஜனங்க புகாரோட மரத்துக்குக் காதல் கடிதமும் எழுதினாங்கன்னு செய்தி வந்தது. அது கிடக்கட்டும். 2040க்குள்ள நிழல் பரப்பை 40 சதவீதமாக்கணும்னு அவங்க இலக்கு வச்சிருக்காங்க. இலக்கு நிழலில் இருக்கு, கன்னு எண்ணிக்கையில் இல்லை, கவனிங்க.

"மரம் விழுந்து ஆள் செத்தா நீ பொறுப்பா டாக்டர்?" இது நியாயமான கேள்வி. மரம் விழுகுது, ஆள் சாகறாங்க. வெட்ட வேண்டிய மரமும் உண்டு, உள்ளே உளுத்துப்போனதை வெட்டித்தான் ஆகணும். ஆனா ஏன் விழுகுதுன்னு பாருங்க. தண்ணி, உணவு உறிஞ்சுற வேரில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கு, அதுக்குக் காத்தும் வேணும். பாதாளச் சாக்கடைக்கு ஒரு வருஷம், மழைநீர் வடிகாலுக்கு ஒரு வருஷம், கேபிளுக்கு ஒரு வருஷம்னு ஒரே பக்கத்தில் தோண்டி வேரை அறுக்கறோம். அப்புறம் அடிமரம் வரைக்கும் பேவர் பிளாக் பதிச்சுக் கழுத்தை நெரிக்கறோம். மேலே கம்பி போகுதுன்னு ஒரு பக்கக் கிளையை மட்டும் கழிக்கறோம். ஒரு காலை எடுத்துட்டு, ஒரு கையில் பாரத்தையும் குடுத்து நிக்கச் சொன்னா எந்த மனுஷன் நிப்பான்? விழுந்ததும் "மரம் ஆபத்து"ன்னு எழுதறாங்க.

டெல்லியில் 2013இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், மரத்தைச் சுத்தி ஒரு மீட்டருக்குள்ள இருக்கிற கான்கிரீட்டை எடுக்கணும்னு உத்தரவு போட்டது. டெல்லிக்கு 1994லேயே மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு, கர்நாடகாவுக்கு 1976லேயே. நம்ம மலைப்பகுதிக்கு 1955 சட்டம் இருக்கு. சமவெளியில் 2021இல் வந்த பசுமைக் குழுக்கள் இருக்கு, பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டக் குழுவிடம் அனுமதி கேக்கணும். நல்ல தொடக்கம்தான். ஆனா வெட்டலாமா வேண்டாமாங்கிறதோட அது முடியுது. மரம் நிக்கிற மத்த வருஷமெல்லாம் அதைப் பார்க்கிறது யாரு?

"பேர்த்து வேற இடத்தில் நட்டுடறோமே"ன்னு அடுத்த பதில். டிரான்ஸ்பிளான்ட்ங்க! கிட்னி மாத்தினவரை நாங்க ஆயுசு பூரா பார்க்கிறோம், ரத்தப் பரிசோதனை, மாத்திரை, செக்கப். மரத்தைப் பேர்த்து நட்டுப் போட்டோ எடுத்ததோட ஃபாலோ அப் முடிஞ்சுதுன்னா அதுக்குப் பேர் சிகிச்சை கிடையாது. பிழைச்ச மரங்கள் எத்தனைன்னு மூணு வருஷம் கழிச்சு வெளியிடுங்க, அப்புறம் பேசுவோம்.

வளர்ச்சிக்கு எதிரின்னு என்னைத் திட்ட வேண்டாம். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாங்க. ஆம்புலன்ஸ் சீக்கிரம் வருது, எங்களுக்கு நல்லதுதான். சுமார் 1,791 கோடி ரூபாய் வேலை அது. அவ்வளவு பெரிய திட்ட மதிப்பீட்டில் கீழே நடக்கிறவனுக்கு நிழல்னு ஒரு வரி ஏன் தூணுக்கும் வடிகாலுக்கும் சமமா வரக் கூடாது? வேர் போக மண், தண்ணி, அஞ்சு வருஷப் பராமரிப்பு, செத்தா ஒப்பந்ததாரர் திருப்பி நடற பொறுப்பு, எல்லாம் டெண்டரிலேயே இருக்கட்டும்.

நம்மளும் சும்மா இல்லைங்க. கடை போர்டு மறையுதுன்னு ராத்திரியில் அடிப்பட்டையைச் சுத்திச் செதுக்கறவங்க யாரு? இலை தயாரிக்கிற சாப்பாடு பட்டை வழியாத்தான் வேருக்கு இறங்குது. பட்டையைச் சுத்தி எடுத்தா வேர் பட்டினியில் மெல்லச் சாகும், மரமும் போகும். யாரும் வெட்டலை, தானாப் பட்டுப்போச்சுன்னு பேர். "இலை கொட்டுது, பெருக்க முடியலை"ன்னு வெட்டச் சொல்றவங்க அந்த மரத்தடியில்தான் காரை நிறுத்தறாங்க.

எந்த மரம் வைக்கலாம்னு கமெண்டில் கேப்பீங்க. வேம்பு, புங்கை, பூவரசு, அகலமான இடம்னா இலுப்பை, மருதம். சீக்கிரம் வளருதுன்னு கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம், குஜராத் அதை 2023லேயே தடை பண்ணிடுச்சு, நம்ம அரசும் நடக்கூடாதுன்னு சொல்லியிருக்கு. இந்த விஷயத்தில் என்னைவிட நல்லாச் சொல்ல நம்ம ஊரிலேயே வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் இருக்கு, வேளாண் பல்கலை இருக்கு. இத்தனை நிபுணர்களைப் பக்கத்தில் வச்சுக்கிட்டு மரத்தின் தலைவிதியை பொக்லைன் டிரைவர்கிட்ட விட்டிருக்கோம், பாருங்க.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குப் போனா உங்க கவுன்சிலரிடம் இதைக் கேளுங்க: நம்ம வார்டில் எத்தனை மரம் இருக்கு, பட்டியல் எங்கே? போன வருஷம் நட்டதில் எத்தனை உயிரோட இருக்கு? நூறு வார்டிலும் கேளுங்க. பதில் வந்தா எனக்கும் அனுப்புங்க, வார்டு நம்பரோட இங்கேயே போடறேன்.

உங்க வாசல் மரத்தைச் சுத்தி பேவர் பிளாக் இறுக்கியிருந்தா பக்கத்து மின்கம்பத்து நம்பரோட போட்டோ எடுத்து வார்டு ஆபீஸில் மனு குடுங்க, ரசீது வாங்கிக்கோங்க. நீங்களே கடப்பாரையை எடுத்துப் பெயர்க்காதீங்க, வேர் சிதைஞ்சிடும். கல்லை ஒன்னொன்னா கையால் எடுக்கச் சொல்லுங்க.