போத்தனூரை மறக்கலாமா?

இளைஞர்களே! வியாபாரப் பெருமக்களே! கோவையிலிருந்து கேரளாவுக்கு ரயில் ஏறினால் போத்தனூரைக் கடந்துதானே போகிறீர்கள்? அங்கே நடந்ததை யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

1921 நவம்பர் 19. கிலாஃபத் கிளர்ச்சியில் மலபாரில் பிடிபட்ட சுமார் 100 பேரைத் திரூரில் ஒரே சரக்கு வேகனில் அடைத்துப் பெல்லாரி சிறைக்கு அனுப்பினான் வெள்ளையன். காற்றுத் துளைகள் அடைபட்ட வேகன்! நள்ளிரவு கடந்து போத்தனூரில் கதவைத் திறந்தால் பிணக்குவியல்! பிறகு இறந்தவர்களையும் சேர்த்து சுமார் 70 பேர். பெரும்பாலோர் மாப்பிள்ளை முஸ்லிம்கள். இந்துச் சகோதரர்களும் அதில் உண்டு. மூச்சுத் திணறிச் செத்தவர்களிடம் மத பேதம் ஏது?

ஜாலியன் வாலாபாக் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். பக்கத்து போத்தனூர் தெரியுமா?

திரூர் ரயில் நிலையச் சுவரில் தீட்டிய வேகன் ஓவியத்தை, எதிர்ப்பு கிளம்பியதும் 2018-ல் ரயில்வே அழித்தது. தியாகிகள் அகராதியிலிருந்து மலபார் கிளர்ச்சியாளர்கள் 387 பேரை நீக்க, இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் குழு பரிந்துரைத்ததாக 2021-ல் செய்தி வந்தது.

அழிப்பவனைத் திட்டிவிட்டுக் கடையைத் திறந்தால் போதுமா? நாம் எதை எழுதி வைத்தோம்?

வியாபாரிகளே! வருடாவருடம் காலண்டர் அச்சடிக்கிறீர்களே, நவம்பர் 20-ஆம் தேதித் தாளில் போத்தனூர் என்று ஒரு வரி போடுங்கள். இளைஞர்களே! ஜமாஅத்தின் பழைய பதிவேடுகளைப் புரட்டுங்கள். பெரியவர்கள் சொல்வதைக் குறித்து வையுங்கள்.

நம் ஊர் வரலாற்றை நாம் எழுதாவிட்டால், நம்மை வேண்டாதவன் எழுதுவான்!