பொன் விளைந்த ஊர் கற்பிக்கும் கணக்கு

கோலார் தங்க வயலின் கோரமண்டல் ரயில் நிலையத்திலிருந்து பலர் நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குப் பயணிக்கின்றனர். ஒரு காலத்தில் வேலை தேடி மக்கள் வந்து குடியேறிய ஊர் இது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு சுரங்கப் பணியை ஏற்றது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஏறத்தாழ 800 டன் பொன்னை ஈந்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டன.

ஒரு தொழில் போட்டியில் நிலைக்குமா என்பதை அறிய, போட்டியாளர் எத்தனை பேர், சரக்கு விற்கிறதா, பெயர் இருக்கிறதா என்றே நாம் பெரும்பாலும் பார்க்கிறோம். இம்மூன்றிலும் இச்சுரங்கம் எளிதில் தேறியிருக்கும். பொன்னை வாங்க ஆளில்லாத நாள் உண்டோ?

ஆயினும் பொன்னின் விலையை உலகச் சந்தை தீர்மானிக்கிறது. சுரங்கத்தின் கையில் இருந்தது செலவு ஒன்றே. ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. வெப்பத்தைத் தணிக்கவும், நீரை இறைக்கவும், பாறையை மேலேற்றவும் செலவு பெருகியது. தாதுவில் பொன்னின் அளவோ குறைந்தது. ஒரு கிராம் எடுக்கும் செலவு அதன் விலையை மிஞ்சியது.

1979-இல் மைக்கேல் போர்ட்டர் வகுத்த முறை, போட்டியாளர், புதிதாக நுழைவோர், மாற்றுப் பொருள், வழங்குவோர், வாங்குவோர் என்னும் ஐந்து விசைகளால் ஒரு துறையை அளக்கிறது. அது பயனுள்ள முறையே. எனினும் நம் தொழிலின் உள்வலிமையை அறிய, ஓர் அலகின் அடக்கச் செலவை ஆண்டுதோறும் எழுதி வைத்து ஒப்பிடுவதே முதற்கணக்கு என்று கருதுகிறோம். அதனை இன்றைய விலையோடு மட்டுமன்றி, தாழ்ந்த விலையோடும் ஒப்பிட வேண்டும். சுரங்கம் மூடிய சில ஆண்டுகளில் பொன் விலை பன்மடங்கு உயர்ந்தது. ஆனால் அதுவரை தாங்கும் வலிமை அதற்கு இல்லை.

இரண்டாவது கணக்கு வாடிக்கையாளரைப் பற்றியது. சுரங்கச் சம்பளத்தையே நம்பிய கடைக்குத் தெருவில் போட்டியே இல்லாதிருந்தாலும், அதன் அடித்தளம் ஒன்றே. நம்மிடம் வாங்குவோரின் வருவாய் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் கடையை விரிவாக்குதல் தகாது.

அடுத்த கடனுக்கு விண்ணப்பிக்குமுன், ஐந்தாண்டு அடக்கச் செலவையும் வாடிக்கையாளரின் வருவாய் மூலத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம். இலாபம் வரும் காலத்திலேயே பார்க்கவேண்டிய கணக்கு இது. நட்டம் வந்தபின் பார்த்தால், காரணம் தெரியும். மாற்றிக்கொள்ளக் காலம் இராது.